பள்ளி வாசலுக்குப் போலீஸ் வரலாமா?

பினாங்குத் தீவில் சுங்கை பினாங் என்று இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ஜார்ஜ்டவுனில், ஜெலுத்தோங்கை ஒட்டிய நெருக்கமான நகர்ப்பகுதி. மற்றது மலைக்கு அப்பால் பாலிக் புலாவில் உள்ள கம்பம். நகரத்தில் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே வருடக்கணக்கில் குடியிருந்துவிடலாம். கம்பத்தில் யார் வீட்டுப் பெண் எந்த பஸ்ஸில் ஏறினாள் என்பதுவரை ஊருக்குத் தெரியும். ஒரு மாணவியின் படத்தைத் திரித்துப் புலனக் குழுவில் போட்டுவிட்டால், நகரத்துப் பிள்ளைக்கு வேறு பள்ளிக்கு மாறிக்கொள்ளும் வழியாவது இருக்கும். கிராமத்துப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. படத்தைப் பார்த்த அதே முகங்கள்தாம் கடையிலும் விசேஷ வீட்டிலும் எதிர்ப்படும்.

அதனால்தான் இணையப் பகடிவதைக்குப் போலீஸைக் கூப்பிடுவதா வேண்டாமா என்ற கேள்வி சிறிய ஊர்களில் இன்னும் கடுமையாகிறது. கூப்பிட்டால் இரண்டு குடும்பங்களின் பெயரும் ஊர் வாயில் விழும். கூப்பிடாவிட்டால் ஒரு பிள்ளை மட்டும் எல்லாவற்றையும் சுமக்கும்.

இதைச் சின்னப் பிள்ளைகள் சண்டை என்று ஒதுக்க நமக்கு இனி உரிமை இல்லை. 2020 மே மாதம் பினாங்கில் 20 வயதுத் தமிழ்ப்பெண் ஒருவர், உடன் வேலை செய்த வெளிநாட்டவரோடு எடுத்த டிக்டாக் காணொளி முகநூலில் பரப்பப்பட்டு, வசைகள் குவிந்த நிலையில் உயிரை விட்டார். 2024 ஜூலையில் கோலாலம்பூரில், டிக்டாக்கில் அறியப்பட்ட இன்னொரு தமிழ்ப்பெண் போலீஸில் புகார் கொடுத்த பிறகும் பிழைக்கவில்லை. அவரை இழிவுபடுத்தியவர்களில் ஒரு பெண்ணுக்கு 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டப்படி 100 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. லாரி ஓட்டுநர் ஒருவர் ஓராண்டுச் சிறைக்குப் போனார். அந்த 100 ரிங்கிட் நாட்டையே கொதிக்க வைத்தது. எழுத்தால் ஒருவரை வதைப்பதற்கு அதற்குமேல் விலை வைக்காத சட்டம் அது.

பிறகு சட்டம் மாறியது. தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் 2025 ஜூலை 11ஆம் தேதி நடப்புக்கு வந்தன. வேண்டுமென்றே மிரட்டியோ இழிவாகப் பேசியோ ஒருவரை வதைத்தால் மூன்றாண்டு வரை சிறை. தூண்டுதலால் அவர் தற்கொலைக்கு முயன்றால் பத்தாண்டு வரை போகலாம். மலேசியாவில் பத்து வயது நிறைந்தாலே குற்றப்பொறுப்பு உண்டு. அதாவது, தொடக்கப்பள்ளி மாணவனுக்கும் இந்தச் சட்டம் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், சபாவின் பாப்பார் விடுதிப் பள்ளியில் இறந்துபோன 13 வயது மாணவியின் விவகாரத்தில் ஐந்து பதின்ம வயதினர் 507சி பிரிவின் கீழ் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள்.

இங்கேதான் மனம் தடுமாறுகிறது. தமிழ்க் குடும்பங்களுக்குப் போலீஸ் என்றால் வரும் பயம் கற்பனை அல்ல. 2009இல் 22 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் மாண்டதை இந்தச் சமூகம் மறக்கவில்லை. 2013இல் உயர் நீதிமன்றம் அதற்குப் போலீஸையும் அரசையும் பொறுப்பாக்கியது. அப்படிப்பட்ட அனுபவம் உள்ள ஒரு தாயிடம், உன் மகன் மேல் ரிப்போர்ட் போடப்போகிறோம் என்று பள்ளி சொன்னால் அவள் நடுங்குவது நியாயம். வசதியுள்ள வீட்டுப் பையனுக்கு வக்கீல் வருவார். இல்லாத வீட்டுப் பையன் தலைகுனிந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு வருவான். 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் சில காப்புகளைத் தருகிறது: கைதானதும் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும், பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக் கூடாது, பெயரையும் படத்தையும் ஊடகம் வெளியிடக் கூடாது. அந்தக் கடைசிக் காப்பு பத்திரிகையைத் தடுக்கும், கம்பத்து வாயை அல்ல.

இந்த விவாதத்தில் பலரும் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். போலீஸிடம் போகலாமா என்பது ஒன்று. தவறு செய்த பிள்ளையைத் தண்டிக்கலாமா என்பது வேறு. முதலாவது, பாதிக்கப்பட்ட பிள்ளையின் உரிமை. பெயர் மறைத்த கணக்கின் பின்னால் யார் இருக்கிறார் என்று தேடவும், அழிவதற்குள் ஆதாரத்தைக் கைப்பற்றவும் தலைமையாசிரியருக்கு அதிகாரம் கிடையாது. போலீஸுக்கும் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கும் அது உண்டு. 2025 ஏப்ரலில் ஜொகூரின் கூலாயில், சக மாணவிகளின் முகங்களைச் செயற்கை நுண்ணறிவால் ஆபாசப் படங்களில் ஒட்டிப் பரப்பியதாக 16 வயது மாணவர் ஒருவர் கைதானார். அப்படிப்பட்ட விவகாரத்தை இரு தரப்பையும் கைகுலுக்க வைத்து முடிப்பது அந்த மாணவிகளுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

ஆனால் போலீஸால் ஆகாத காரியமும் உண்டு, அது பெரியது. ஒரு வகுப்பில் ஒருவன் ஒரு மாணவியின் படத்தைப் போட்டான் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் அதை ஆளுக்கொரு முறை அனுப்பினார்கள். சிலர் சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டதோடு சரி. ஒவ்வொருவரும் செய்தது கொஞ்சம்தான். அந்தப் பெண் வந்து சேர்ந்ததோ மறுநாள் காலையில் அந்த நாற்பது பேரும் உட்கார்ந்திருந்த வகுப்பறைக்கு. வழக்கு என்றால் ஒரு குற்றவாளி வேண்டும். ஒருவனைப் பிடித்ததும் மற்ற நாற்பது பேரும் தாங்கள் சுத்தம் என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். பார்த்தும் பேசாமல் இருந்தவன், அனுப்பிவிட்டு அழித்தவன், சிரித்தவள் என்று எல்லாரையும் ஆளுக்கு ஆள் உட்கார வைத்து, என்ன செய்தாய் என்று கேட்க ஒரு பள்ளியால்தான் முடியும். கட்டொழுங்கு ஆசிரியர் போலீஸுக்குத் தொலைபேசியதும் தம் கடமை முடிந்தது என்று நினைத்தால், அந்த வகுப்பு எதையும் கற்றுக்கொள்ளாது.

நியூசிலாந்து 2015இல் இதற்கு ஒரு நடுவழி கண்டது. இணையத் துன்புறுத்தல் பற்றிய அந்நாட்டுச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் பதிவை நீக்கும்படி மாவட்ட நீதிமன்றத்தில் உத்தரவு கேட்பதற்கு முன் நெட்சேஃப் என்ற அமைப்பிடம் முறையிட வேண்டும். அது இரு தரப்பிடமும் பேசும், பதிவை நீக்கும்படி நிறுவனங்களையும் கேட்கும். கடுமையான குற்றத்துக்குப் போலீஸ் வழி எப்போதும் திறந்தே இருக்கும். மலேசியாவிலும் 2025 டிசம்பரில் மக்களவை பகடிவதை எதிர்ப்பு மசோதாவை நிறைவேற்றியது. சிறார்களுக்கென ஒரு தீர்ப்பாயம் அதன் மையம். நல்ல தொடக்கம்தான். ஆனால் தீர்ப்பாயம் பெரிய நகரத்தில் அமர்ந்துகொண்டு, கம்பத்துப் பிள்ளை பஸ் பிடித்து வர வேண்டுமென்றால் பயன் பாதியாகிவிடும். ரிப்போர்ட் போடத் தயங்கும் வீடுகள் 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணையாவது அழைக்கட்டும். இரவிலும் எடுப்பார்கள்.

உண்மையில் போலீஸ் வராமல் போவதற்கு, தவறு செய்த பிள்ளையின் எதிர்காலம் குறித்த அக்கறை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்ற பயமும் அதில் கலந்திருக்கிறது. இரக்கம் என்று சொல்லிக்கொண்டு அந்தப் பயத்தை மூடி மறைப்பதுதான் இதில் மிகக் கெட்ட செயல். அந்த இரக்கத்தின் செலவைப் பாதிக்கப்பட்ட பிள்ளைதான் கட்டுகிறது.

ஆபாசமாகத் திரித்த படம், சாகச் சொல்லும் பேச்சு, பெயர் மறைத்த கணக்கு, வீட்டு முகவரியை வெளியிடும் மிரட்டல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே புகார் போக வேண்டும். ஜார்ஜ்டவுனில் அதைப் பட்டாணி சாலைக் காவல் நிலையத்தில் கொடுப்பார்கள், கம்பத்தில் பக்கத்துக் காவல் நிலையத்தில். சீருடையில் பள்ளி வாசலுக்கு வந்து ஒரு பையனை எல்லார் கண் முன்னும் கூட்டிப்போகாமல், பெற்றோரை வைத்து விசாரிப்பது போலீஸின் பொறுப்பு. மற்ற வசைகளையும் கேலிகளையும் பள்ளியே கையில் எடுத்து, முடியும்வரை விடாமல் நடத்த வேண்டும். எதுவானாலும், பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோரிடம் ரிப்போர்ட் வேண்டாம் என்று கேட்கும் உரிமை எந்தத் தலைமையாசிரியருக்கும் கிடையாது.