விடுமுறையில்லாத் திருநாள்கள்

(புது டில்லி கிட்வாய் நகரில், பௌர்ணமி மாலையில் கூடியிருந்த உபாசக உபாசகியர்க்கு ஆற்றிய அறவுரை)





சென்ற கூட்டம் முடிந்து நாம் கலைந்து செல்லும் வேளையில், கல்லூரியிற் பயிலும் இளைஞர் ஒருவர் என்னை அணுகி ஒரு வினா எழுப்பினார். “ஐயா, ராகு காலம் பார்க்காதே, எமகண்டம் பார்க்காதே, பஞ்சாங்கத்தைக் கைவிடு என்று தாங்களே போதிக்கிறீர்கள். பிறகு அட்டமி என்றும் பௌர்ணமி என்றும் நாள் குறித்து எங்களை அழைக்கிறீர்கள். முன்வாசல் வழியே வெளியேற்றிய பஞ்சாங்கத்தைக் கொல்லைப்புறம் வழியே உள்ளே விடுகிறோமா?” என்றார். அவ்வினா ஒரு திங்களாக என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அதற்கு விடை கூறுவதே இன்றைய அறவுரையின் நோக்கம்.

முதலில் நம் நிலையை நாமே ஒளிவின்றிப் பார்ப்போம். வைசாக பௌர்ணமியன்று இக்கூடத்தில் உட்கார இடமில்லை. அன்று அரசு விடுமுறை. 1956ஆம் ஆண்டு நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தீட்சை பெற்ற அக்டோபர் 14ஆம் நாளையும், இதே டில்லி மாநகரில் அவர் மறைந்த டிசம்பர் 6ஆம் நாளையும் நாம் மறப்பதில்லை. நன்று. ஆனால் வைசாகம் கழிந்து இரண்டு திங்களில் ஆஷாட பௌர்ணமி வருகிறது. பகவன் புத்தர் சாரநாத்தில் ஐவர்க்கு முதன்முதல் அறமுரைத்த நாள் அது. அந்நாள் இல்லையேல் தம்மமும் இல்லை, சங்கமும் இல்லை. அன்று இங்கு வந்தோர் எத்தனை பேர்? ஏழு பேரோ எட்டுப் பேரோதான். வாராதவரை மறுநாள் கேட்டால், “அலுவலக நாள் ஆயிற்றே, ஐயா” என்கிறார்கள்.

நான் அவர்களைப் பழிக்கவில்லை. நானும் அதே விடையைச் சொன்னவனே. சென்னையில் நூற்பாலையில் ரிங் பிரேம் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் பகுதியில் வயது முதிர்ந்த தொழிலாளி ஒருவர் இருந்தார். மாதத்தில் சில நாள் அவர் தூக்குச் சட்டி கொண்டு வருவதில்லை. நண்பகலுக்கு முன் வீட்டில் உண்டுவிட்டு, பிற்பகல் வேலைக்கு ஒரு தண்ணீர்ப் புட்டியோடு வந்து, நள்ளிரவில் சங்கு ஊதும் வரை நின்று வேலை செய்வார். “நிலாவைத் தின்றால் வயிறு நிரம்புமா, பெரியவரே?” என்று எல்லாரும் நகைப்பார்கள், நானும் நகைத்தேன். தம்மம் தழுவிய புதிதில் அவர் என்னை ஒரு பௌர்ணமிக்கு அழைத்தபோது, “இன்று ஆலைக்கு லீவு இல்லையே, ஐயா” என்றேன். அவர் சினங்கொள்ளாமல், “சங்கு ஊதுவது ஆலைக்கு, தம்பி. பொய் சொல்லாதே, குடியாதே என்பதற்கு எந்தச் சங்கு ஊதி லீவு விடுகிறார்கள்?” என்றார். அன்று எனக்கு விடை தோன்றவில்லை. அவரோடு அமர்ந்து எண்சீலம் ஏற்பதற்கு எனக்கு மேலும் நான்கு ஆண்டுகள் பிடித்தன. அந்த நான்கு ஆண்டுகளும் நான் பெயரளவில் பௌத்தன். வீட்டில் பழைய மனிதன்.

இனி இளைஞரின் வினாவுக்கு வருகிறேன். இந்நாள்கள் எங்ஙனம் தோன்றின? விநய நூல் அதனைத் தெளிவாகக் கூறுகிறது. மகத மன்னன் பிம்பிசாரன் ஒருநாள் எண்ணிப் பார்த்தான். பிற சமயத் துறவிகள் பட்சத்தின் எட்டாம் நாளிலும், பதினான்கு பதினைந்தாம் நாள்களிலும் ஒருங்கு கூடி அறம் பேசுகின்றனர்; மக்களும் கேட்க வருகின்றனர்; பகவரின் பிக்குகளும் அவ்வாறு கூடலாகாதோ என்று விண்ணப்பித்தான். பகவர் இசைந்தார். பிக்குகள் கூடினர்; ஆனால் வாய் திறவாமல் அமர்ந்திருந்தனர். கேட்க வந்த மக்கள், ஊமைப் பன்றிகள்போல் உட்கார்ந்திருக்கிறார்களே என்று குறை கூறினர். அதன்பின் அந்நாள்களில் அறம் பேசுமாறு பகவர் பணித்தார்.

இதில் கோளும் இல்லை, நட்சத்திர பலனும் இல்லை. மணிக்கூண்டும் நாள்காட்டித் தாளும் இல்லாத காலத்தில், ஏழை பணக்காரன் யாவர்க்கும் கட்டணமின்றித் தெரியும் ஒரே நாள்காட்டி வானத்து நிலவு. அது பாதி தேய்ந்தால் கூடுக, நிறைந்தால் கூடுக என்பதே ஏற்பாடு. நாள் பார்த்துக் காரியம் செய்வதைப் பகவர் ஏளனம் செய்திருக்கிறார். நட்சத்திர ஜாதகக் கதை உங்களுக்குத் தெரியும். குறித்த நாளில் மணமகளை அழைக்கச் செல்லாமல், நட்சத்திரம் சரியில்லை என்று ஒரு துறவி சொன்னதை நம்பி மறுநாள் சென்றனர் நகரத்தார். பெண்ணோ அதற்குள் வேறொருவனுக்கு மணமுடிக்கப்பட்டுவிட்டாள். பஞ்சாங்கம், நாள் நமக்கு நன்மை தரும் என்கிறது. உபோசதம், அந்நாளில் நீ நன்மை செய் என்கிறது. தம்பீ, இதுவே வேறுபாடு.

அங்ஙனமாயின் உபோசதம் என்பது பட்டினி கிடப்பதா? சாவத்தி நகரத்தில் விசாகை என்னும் உபாசகிக்குப் பகவர் இதனை விளக்கினார். இடையன் ஒருவன் மாலையில் மாடுகளை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு, இன்று இங்கே மேய்ந்தன, நாளை எங்கே மேயும் என்று எண்ணுகிறான். அதுபோலவே, இன்று இதை உண்டேன், நாளை எதை உண்பேன் என்று எண்ணிக்கொண்டு விரதம் இருப்பவனின் உபோசதம் இடையனின் உபோசதம் ஆகும். அதனால் பெரும்பயன் இல்லை. புத்த தம்ம சங்கங்களை நினைந்து, அழுக்கேறிய துணியை வெளுப்பதுபோல் மனத்தைத் தூய்மை செய்து, அருகர்கள் வாழ்நாள் முழுதும் காக்கும் சீலத்தை ஒரு பகலும் ஓர் இரவும் காப்பதே ஆரிய உபோசதம். கொல்லாமை, களவாமை, பிரமசரியம், பொய்யாமை, கள்ளுண்ணாமை, நண்பகலுக்குப் பின் உண்ணாமை, ஆடல் பாடல் அலங்காரங்களைத் தவிர்த்தல், உயர்ந்த படுக்கையைத் தவிர்த்தல் என்னும் எட்டும் அதற்கு வேலியாகும்.

நாம் அதிகம் எண்ணாத பௌர்ணமிகள் சிலவற்றையும் நினைவூட்டுகிறேன். மாக பௌர்ணமியன்று இராசகிருகத்து வேணுவனத்தில் 1250 அருகர்கள் முன்னறிவிப்பும் அழைப்பும் இன்றித் தாமே வந்து கூடினர். தாய்லாந்தில் இது பெருநாள். நாமோ அழைப்பிதழ் அச்சிட்டு, வீடுதோறும் கொடுத்து, மீண்டும் தொலைபேசியில் நினைவூட்டிய பின்னரும் வருவதற்குத் தயங்குகிறோம்.

மது பௌர்ணமியை வங்கதேசத்துப் பௌத்தர்கள் போற்றுகின்றனர். கோசம்பி நகரத்துப் பிக்குகள், கழிப்பிடத்தில் நீர்க்கலத்தில் மிச்சம் வைத்த நீரைப் பற்றித் தொடங்கிய பூசலில் இரு கட்சிகளாகப் பிரிந்தனர். பகவரின் அறிவுரையையும் கேளாராயினர். அவர் பாரிலேயக் காட்டுக்குத் தனியே சென்றார். யானை பணிவிடை செய்தது; குரங்கு தேனடை கொணர்ந்து தந்தது. கோசம்பி மக்களோ, பூசலிட்ட பிக்குகளை வணங்கவும் பிச்சையிடவும் மறுத்தனர். அதன் பின்னரே அப்பிக்குகள் மன்னிப்பு வேண்டிச் சென்றனர். ஒரு குவளை நீருக்காகப் பிளவுபட்ட சங்கத்தை ஒன்றுசேர்த்தவர்கள் உங்களைப் போன்ற இல்லறத்தார். அற்பக் காரணங்களுக்காக நம் சங்கங்கள் பிளவுபடும்போது இந்நாளை நினைப்போமாக.

மழைக்காலத் தவம் முடியும் ஆசுவின பௌர்ணமி பவாரணை நாள். அன்று ஒவ்வொரு பிக்குவும் மற்றவர் முன் அமர்ந்து, என்னிடம் நீங்கள் கண்ட, கேட்ட, ஐயுற்ற குற்றத்தை அன்புகூர்ந்து சொல்லுங்கள் என்று வேண்டுவார். மூத்தவரும் அங்ஙனமே வேண்டுவார். நம் வீடுகளில் தந்தையர் தம் மனைவி மக்களிடம் ஆண்டுக்கு ஒருமுறை இவ்வாறு கேட்டால் எத்துணைக் கண்ணீர் வற்றிப்போகும்! அதனை அடுத்த ஒரு திங்களில் வரும் கடின சீவர தானத்தில், துணி கிடைத்த அன்றைக்கே வெட்டி, தைத்து, சாயமேற்றிச் சீவரம் முடிக்க வேண்டும். துணியோடு உழைத்த என் கைகளுக்கு அந்நாள் பெரிதும் உவப்பானது. பல கைகள் சேராமல் ஒரே நாளில் ஓர் ஆடை உருவாகாது.

இலங்கையில் டிசம்பர் மாதப் பௌர்ணமி சங்கமித்தை நாள். அசோகரின் மகளாகிய அப்பிக்குணி போதிமரக் கிளையோடு கரையிறங்கிய ஜம்புகோளத் துறை, யாழ்ப்பாணத்து மாதகலை அடுத்த சம்பில்துறையே என்பர். தமிழர் வாழும் கரையில் ஒரு பெண் கொணர்ந்த தம்மம் அது. நம் பெண்மக்கள் இதனை அறிந்திருக்க வேண்டும்.

“இவை பிக்குகளின் நாள்கள், அலுவலகம் செல்லும் எங்களுக்கு என்ன?” என்று கேட்போர் ஒரு பகல் செலவிட்டுப் பெரோஸ்ஷா கோட்லாவுக்குச் சென்று வாருங்கள். அங்கு ஏறத்தாழ 13 மீட்டர் உயரமுள்ள ஒரே கல்லாலான அசோகர் தூண் நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டில் பெரோஸ்ஷா துக்ளக், இன்றைய அரியானாவிலுள்ள தோப்ராவிலிருந்து அதனைக் கொணர்ந்து நாட்டினார். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் அதன் எழுத்தைப் படித்தறிந்தார். அத்தூணின் ஐந்தாம் ஆணையில் என்ன உள்ளது? பட்டமேற்ற 26ஆம் ஆண்டில் அசோகர் நாள்களை வகுத்து எழுதுகிறார். மூன்று பருவப் பௌர்ணமிகளிலும், பூச நாள்மீனோடு கூடிய பௌர்ணமியிலும், பதினான்கு, பதினைந்து, அதற்கடுத்த முதல் நாள் என மும்மூன்று நாள்களும், மேலும் எல்லா உபோசத நாள்களிலும் மீனைக் கொல்லவும் கூடாது, விற்கவும் கூடாது என்கிறார். பூசத்தையும் புனர்பூசத்தையும் பெயர் சொல்லிக் குறித்து, அந்நாள்களில் காளைகளுக்குக் காயடித்தலும் குதிரைகளுக்குச் சூடிடுதலும் ஆகா என்கிறார். தைப்பூசம் கொண்டாடும் ஊரிலிருந்து வந்த நமக்கு அப்பெயர்கள் புதியனவா? பூச நாளில் இன்ன பலன் கிட்டும் என்று அக்கல்லில் எழுதவில்லை. அந்நாளில் ஒரு காளையின் வலி குறையும் என்பதே அதன் பொருள். நம் ஐ.என்.ஏ. சந்தையில் மாதம் சில நாள் மீன்கடைக்குச் செல்லாதிருப்பது, அந்த ஆணைக்கு நாம் செய்யும் சிறு மரியாதை.

இன்னும் அண்மையில் ஒரு கல் உண்டு. தென் டில்லியில் பகாபூர்ப் பாறையில் 1966இல் அசோகரின் சிறு பாறைக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அவ்வாணையில் பேரரசர் தம் குறையைத் தாமே சொல்கிறார்: உபாசகனாகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று, முதல் ஓராண்டு நான் ஊக்கத்தோடு முயலவில்லை, சங்கத்தை அணுகிய பின்னரே முயன்றேன் என்கிறார். பெரியோர் மட்டுமன்றி எளியோரும் முயன்றால் இப்பயனை எய்தலாம் என்றும் கூறுகிறார். தீட்சை பெற்று, சான்றிதழும் பெற்று, பின் வாளா இருக்கும் நம்மை நோக்கி ஒரு மன்னர் பேசும் சொற்கள் இவை. தாம் வாளா இருந்ததை அவர் கல்லில் வெட்டி ஒப்புக்கொண்டார். எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன என்று உங்கள் முன் ஒப்புக்கொள்ளும் துணிவை அக்கல்லே தந்தது.

விடுமுறை கிடைத்தால் காப்போம் என்பீர்களோ? இலங்கையில் 1966 முதல் சில ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறாகப் போயா நாள்களே வார விடுமுறையாக இருந்தன. பின்னர் 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. பௌர்ணமி மட்டும் இன்றும் விடுமுறையாக உள்ளது. அரசு தருவதை அரசு மாற்றலாம். நாமாக ஏற்ற சீலத்தை மாற்ற எவர்க்கும் உரிமை இல்லை.

1898இல் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் அமைத்த பண்டிதர் அயோத்திதாசர், நம் பண்டிகைகள் பலவற்றின் மூலம் பௌத்தமே என்று தம் இதழில் எழுதினார். நாள்கள் பறிபோனால் நினைவு பறிபோகும் என்பதை அவர் அறிந்திருந்தார். தீபாவளிப் பட்டாசொலி கேட்கும்போது நம் குழந்தைகள், “நமக்கு எது திருநாள்?” என்று கேட்கின்றனர். வைசாகம் ஒன்றையே காட்டினால் அவர்களுக்கு ஆண்டின் மற்ற நாள்கள் வெறுமையாகின்றன. அவ்வெறுமையில் நாம் விட்டு வந்தவை திரும்பவும் புகும்.

ஆதலின் உங்களிடம் நான் வேண்டுவது சிறிதே. பௌர்ணமியன்று அலுவலகம் செல்லுமுன் குடும்பத்தோடு அமர்ந்து பஞ்சசீலம் ஏற்றுச் செல்லுங்கள். இயன்றவர் எண்சீலம் காக்க. மாலையில் இங்கு வந்து ஒரு நாழிகை அறம் பேசுவோம். ஊமையாக இராமல் பேசுவோம். வர இயலாதவர் வீட்டிலேயே அந்நாளின் கதையை ஒரு குழந்தைக்குச் சொல்லுங்கள். இதற்குப் பணம் வேண்டியதில்லை, புரோகிதர் வேண்டியதில்லை, விடுமுறை விண்ணப்பமும் வேண்டியதில்லை.

அந்த ஆலைத் தொழிலாளி இன்று இல்லை. அவர் காத்த உபோசதங்களை எவரும் எண்ணவில்லை. ஆயினும் அவர் தூக்குச் சட்டி இல்லாமல் நின்ற அந்த மாலைகளே என்னை இங்கு கொண்டுவந்து நிறுத்தின. உங்களுள் ஒருவர் காக்கும் ஒரு பௌர்ணமியையும் யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க! சாது! சாது! சாது!