அரை அலகின் அறம்

வீட்டுப் பூனைக்கு நீரிழிவு கண்டால், இன்சுலின் ஏற்றி அதனைக் காப்பாற்றுவது தகுமா? இவ்வினாவைக் கேட்டதும் எம்மவரிற் பலர் நகைப்பர். நகைப்பு ஓய்ந்தபின், "மனிதருக்கே மருந்தில்லாத நாட்டிலே பூனைக்கு இன்சுலினா?" என்று சினந்து கேட்போரும் உளர். அச்சினம் பொய்ச்சினமன்று. 1990களில் இக்குடாநாட்டுக்கு மருந்து வந்துசேரவே பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டியிருந்தது. மின்சாரமும் அற்றுப்போனமையால், குளிரில் வைக்கவேண்டிய இன்சுலினைப் பேணுவதே பெரும்பாடாயிற்று. 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாட்டினால், அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைத்தது. இவற்றைக் கண்ட மக்கள் அவ்வாறு கேட்பது இயல்பே. ஆயினும், விடை கூறுமுன் அச்சிகிச்சை எத்தகையது என்பதை நாம் அறிதல் வேண்டும்.

பூனைகளுக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. வயது முதிர்ந்த, உடல் பருத்த பூனைகளையே அது மிகுதியும் பற்றுகிறது. ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், உண்டும் மெலிதல் என்பன அதன் குறிகள். மிருக வைத்தியர் வழக்கமாகப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஓர் அலகு அல்லது அதனையண்டிய அளவில், இன்சுலினைத் தொடக்குவர். பின்னர் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் அரை அலகு அரை அலகாகவே நடைபெறும். புதிய அளவுக்கு உடல் பழகச் சில நாட்கள் செல்லுமாதலின், அவர்கள் ஒரு வாரமளவு பொறுத்தே அடுத்த மாற்றத்தைச் செய்வர். ஒருநாட் சோதனையில் சீனி கூடியிருந்தது என்பதற்காக அன்றே மருந்தைக் கூட்டுதல் பேதைமை.

அறவினா இங்கேதான் பிறக்கிறது. இன்சுலின் மிகுந்தால் குருதியிற் சீனி தாழும், பூனை தள்ளாடும், வலிப்பு வரும், உயிரும் போகும். அந்நிலையில் பல்லீறில் தேனைத் தடவியபடி வைத்தியரிடம் ஓடவேண்டும். மனிதனாயின், "கண் இருளுகிறது, கை நடுங்குகிறது" என்று வாய்விட்டுச் சொல்வான். பூனை சொல்லாது. தன் உடலில் ஏறுவது எவ்வளவு என்று கேட்கவும் அதனால் ஆகாது. ஆகவே ஊசியைக் கையிலேந்தியவர், அன்பினால் ஏந்தினும், ஓர் அதிகாரத்தையே ஏந்துகிறார்.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை நம் இலக்கியம் போற்றுகிறது. அதனைக் கொடைமடம் என்றும் வழங்குகிறோம். போர்வை மயிலுக்கு வேண்டுமா என்று அவன் வினவவில்லை. அதனால் மயிலுக்குத் தீங்கும் விளையவில்லை. இன்சுலினோ போர்வையன்று. மில்லிலீற்றருக்கு நூறு அலகு கொண்ட மருந்தை, நாற்பது அலகு மருந்துக்கென அமைந்த ஊசியில் எடுத்தால், ஓர் அலகென்று நினைத்து ஏற்றுவது இரண்டரை அலகாகிவிடும். சோறு மிகுந்த உணவை நிறுத்தி மீனையே கொடுக்கத் தொடங்கினால் நோய் தணியலாம். ஆனால் மருந்தின் தேவையும் உடன் குறையுமாதலின், பழைய அளவே நஞ்சாகலாம். சில பூனைகள் இன்சுலினே வேண்டாத நிலையை எய்துவதுமுண்டு. அறியாத அன்பு அந்நிலையிலும் ஊசியை நிறுத்தாது.

இவ்வதிகாரத்துக்கு எல்லையிடுவது யாது? அளந்தறிதலே. வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் அச்சத்தினாலேயே பூனையின் குருதியிற் சீனி ஏறிவிடும். ஆதலால், வீட்டில் காதோரத்திற் சிறு துளி எடுத்துச் சோதித்து, நேரத்தையும் உணவையும் அளவையும் கொப்பியில் எழுதி, அதனை வைத்தியர்முன் வைப்பது சிறந்த முறையாகும். பேசாத உயிரின் சாட்சியம் அக்கொப்பி. பராமரிப்பவரின் எண்ணத்தை மறுத்துரைக்கும் உரிமை அதற்குண்டு.

இனி, முதல் வினாவுக்கு வருவோம். இன்சுலின் யாருடைய சொத்து? 1889இல் மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோதே நீரிழிவுக்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டது. 1921இல் ரொறன்ரோவில் பன்ரிங்கும் பெஸ்ற்றும் செய்த சோதனைகளும் நாய்கள்மீதே நடந்தன. 1922 சனவரியில் முதன்முதல் ஒரு சிறுவனுக்கு ஏற்றப்பட்ட மருந்து மாட்டின் கணையத்திலிருந்து வடித்தெடுக்கப்பட்டது. பல பதிற்றாண்டுகள் மாடும் பன்றியுமே மனிதருக்கு இன்சுலின் ஈந்தன. விலங்கின் உயிரில் விளைந்த மருந்தை விலங்குக்குக் கொடுத்தல் ஆடம்பரம் என்பது எவ்வாறு பொருந்தும்?

இறுதிப் புட்டியொன்றே எஞ்சி, அதன்முன் ஒரு குழந்தையும் ஒரு பூனையும் நின்றால் குழந்தைக்கே அது உரியது. இதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு புட்டியே எஞ்சும் நிலையை ஆக்கியவர் யார்? நாளுக்கு இரண்டோ மூன்றோ அலகு பெறும் பூனையா? பன்ரிங்கும் துணைவரும் 1923இல் தம் காப்புரிமையை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டொலருக்கு விற்றனர். இன்றோ உலக இன்சுலின் சந்தையின் பெரும்பங்கு மூன்று நிறுவனங்களின் பிடியில் உள்ளது. இல்லாமையை ஆக்குவோர் மறைந்து நிற்க, இல்லாதவர்கள் தமக்குள் யார் முந்தியவர் என்று வழக்காடுவது பழைய கதை. நமக்கு எவ்வளவு மருந்து போதும் என்பதை நம்மைக் கேளாமலே பிறர் தீர்மானித்த காலத்தை இக்குடாநாடு அறியும். கேட்கப்படாதவரின் துயரை அறிந்த மக்கள், கேட்க இயலாத உயிரின்பால் அளவறிந்து நடத்தல் கடன்.

இக்கடனை நிறைவேற்ற அறிவு வீட்டுக்கு வரவேண்டும். அதுவும் தமிழில் வரவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களையும் ஆக்குவித்தார். அவ்வழியைத் தொடர்வது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இயலாத காரியமன்று. ஊசியின் கோடுகளை வாசிப்பது எப்படி, சீனி தாழ்ந்ததன் குறிகள் எவை என்பவற்றை ஓர் ஏட்டில் எளிய தமிழில் எழுதிக் கொடுத்தால், அது பூனை வளர்ப்போருக்கு மட்டுமா பயன்படும்? அதே வீட்டுத் திண்ணையில், மங்கிய கண்களோடு, தன் ஊசியைத் தானே ஏற்றிக்கொள்ளும் அம்மம்மாவுக்கும் அது வேண்டியதே.