தேர்வா, இயல்பா?

ஜெபத்தால் ஆகாதது ஒன்றுமில்லை என்பது எல்லாச் சமயத்துப் பக்தர்களின் உள்ளத்திலும் ஊறிய நம்பிக்கை. அந்த நம்பிக்கையையே முதலாகக் கொண்டு 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அனகைம் நகரில் ஓர் இயக்கம் தோன்றியது. எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்பது அதன் பெயர். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து இஸ்ரவேல் மக்கள் புறப்பட்டுச் சென்ற வரலாற்றைக் கூறும் விவிலிய நூலின் பெயர் அது. தம் பாலினத்தவரிடமே ஈர்ப்புக் கொண்ட ஆண்களும் பெண்களும் அவ்வாறே அந்த ஈர்ப்பிலிருந்து விடுதலை பெற முடியும். அதற்கு வேண்டியவை விசுவாசமும் மனந்திரும்புதலும் இடைவிடாத ஜெபமுமே என்று அவ்வியக்கம் போதித்தது.

முப்பத்தேழு ஆண்டுகள் அது நடைபெற்றது. பெற்றோரால் அனுப்பப்பட்டு வந்தவர்கள் உண்டு. இறைவனுக்கு உகந்தவராக வேண்டும் என்ற தவிப்பினால் தாமே தேடி வந்தவர்களும் உண்டு. உபவாசம் இருந்தனர், அழுது மன்றாடினர், சிலர் மணம் செய்துகொண்டும் பார்த்தனர். இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான மைக்கேல் பஸ்ஸி 1979-லேயே அதைவிட்டு விலகினார். 2007-இல் தம்மால் துன்புற்றவர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2012 ஜனவரியில், அப்போது தலைவராக இருந்த ஆலன் சேம்பர்ஸ், தாம் சந்தித்தவர்களில் 99.9 சதவீதத்தினருக்கு ஈர்ப்பு மாறவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அவரும் மணமானவர், தமக்கும் அந்த ஈர்ப்பு முற்றிலும் அகலவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. 2013 ஜூன் மாதத்தில் மன்னிப்புக் கோரியபடியே இயக்கம் மூடப்பட்டது.

இதில் மிகவும் வேதனைக்குரியது இயக்கம் தோற்றது அன்று. ஜெபித்தும் மாறாதவர்களுக்கு அத்தனை ஆண்டுகளும் கிடைத்துவந்த விளக்கமே வேதனைக்குரியது. முறை தவறாக இருக்க முடியாது, இறைவன் கைவிட மாட்டார். ஆகவே குறை உன் விசுவாசத்தில்தான் என்பதே அந்த விளக்கம். ஈர்ப்பையும் விட முடியாமல், இறைவனையும் விட முடியாமல், தம்மையே வெறுத்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்கள் உண்டு. சமய நெறி ஒன்றினால் ஓர் ஆன்மாவுக்கு நேரக்கூடிய கேடுகளில் இதைவிடப் பெரியது எது என்று சொல்வது கடினம்.

ஈர்ப்பு என்பது தேர்வுதானா?

இவ்வளவுக்கும் அடிப்படையாக இருந்தது ஒரே ஒரு கருத்து: தன்பால் ஈர்ப்பு என்பது ஒருவர் தேர்ந்துகொள்வது, தேர்ந்தவரால் விடவும் முடியும். இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. எதிர்பாலினத்தவரிடம் ஈர்ப்புக் கொண்ட பெரும்பான்மையினர், எந்த ஆண்டில், எந்த நாளில் அதைத் தேர்ந்தெடுத்தோம் என்று தம்மையே கேட்டுக்கொண்டால் போதும். பருவம் வந்தபோது அது வந்தது, அவ்வளவே. வேறு இருவழிகள் முன்னிருக்க, ஆராய்ந்து ஒன்றைக் கைக்கொண்டதாக எவருக்கும் நினைவில்லை. தமக்கு இல்லாத ஒரு தேர்வு பிறருக்கு மட்டும் இருந்ததாகக் கருதுவதற்கு நியாயம் ஏது?

அப்படியானால் பிறவியிலேயே அமைந்ததா? 2019-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு ஏறத்தாழ 4,70,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தது. இதற்கென்று தனியொரு மரபணு இல்லை. பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறு அளவில் பங்களிக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒருவருடைய இயல்பை முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பது அதன் முடிவு. உடனே, மரபணு இல்லையென்றால் தேர்வுதானே என்று வாதிட்டவர்கள் உண்டு. இது அவசர முடிவு. தாய்மொழி மரபணுவில் இல்லை. ஆயினும் எவரும் தம் தாய்மொழியைத் தேர்ந்தெடுத்ததில்லை. பின்னாளில் வேறு பத்து மொழிகளைக் கற்கலாம். துயரில் வாய்விட்டு அழும்போது எந்த மொழி வருகிறது என்பது கற்றவர் கையில் இல்லை. கருவறைச் சூழலும் உடலின் சுரப்புகளும் இளமையும் இன்னும் அறியப்படாத பலவும் சேர்ந்து உருவாக்கும் ஒன்று, தேர்வும் ஆகாது. பிறப்பிலேயே பொறிக்கப்பட்ட விதியும் ஆகாது.

மாற்றம் சாத்தியம் என்று கூறுவோர் நெடுங்காலம் ராபர்ட் ஸ்பிட்சர் என்ற மனநல மருத்துவரின் ஆய்வைச் சான்று காட்டினர். 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பால் ஈர்ப்பை நீக்கியபோது அதற்குப் பெரிதும் துணைநின்றவர் அவரே. ஆதலால், சிலர் மாறியிருக்கக்கூடும் என்று 2003-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கு மதிப்பு மிகுந்திருந்தது. ஆனால் 200 பேர் தொலைபேசியில் தம்மைப் பற்றித் தாமே சொன்னவை தவிர அதில் வேறு ஆதாரம் இல்லை. 2012-இல், தம் முதுமையில், அந்த ஆய்வு தவறானது என்று எழுதி, அதை நம்பிக் காலத்தை வீணாக்கியவர்களிடம் ஸ்பிட்சர் மன்னிப்புக் கேட்டார். அறிவுலகில் இத்தகைய நேர்மை அரிது.

கிறிஸ்தவச் சிந்தனையில் ஒரு முரண்

தேர்வு அன்று என்பதாலேயே அறக்கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. இதை நேர்மையுடன் ஏற்க வேண்டும். முன்கோபமும் பொறாமையும்கூட எவரும் தேர்ந்தெடுத்தவை அல்ல. அவற்றை அடக்கு என்றுதான் எல்லா அறநூல்களும் கூறுகின்றன. மறுபுறம், தேர்ந்தெடுத்தது என்பதாலேயே ஒன்று இகழத்தக்கதும் ஆகாது. ஒருவர் தம் சமயத்தை மனமறிந்து தேர்ந்து ஏற்கலாம். அந்த உரிமையை இந்திய அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு காக்கிறது. ஆகவே, இயல்பு ஆதலால் குற்றமில்லை என்போரும், தேர்வு ஆதலால் குற்றம் என்போரும் ஒரே ஆணியில் இரு வேறு சுமைகளை மாட்டுகிறார்கள். ஆணி அவ்வளவு வலுவானது அன்று.

கிறிஸ்தவ மரபின் ஆழ்ந்த சிந்தனையாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். நன்மையை விரும்பியும் அதைச் செய்ய இயலாத தம் நிலையை எண்ணி வருந்தியவர் புனித பவுல். மனிதனின் சித்தமே பிளவுபட்டது என்று தம் வாழ்விலிருந்தே கண்டு எழுதியவர் புனித அகுஸ்தீன். ஐந்தாம் நூற்றாண்டில் பெலேஜியஸ் என்ற துறவி, இறைவன் ஒன்றைக் கட்டளையிட்டால் அதைச் செய்யும் ஆற்றலும் மனிதனிடம் இருந்தே ஆகவேண்டும் என்று கற்பித்தபோது, அதை முழுமூச்சுடன் எதிர்த்தவர் அகுஸ்தீன். அருளின்றி மனித முயற்சி மட்டும் போதாது என்பது அவரது நிலை. திருச்சபையும் அவர் பக்கமே நின்றது. சீர்திருத்தச் சபைகளுக்கும் அவர் ஆசான். அந்தச் சபைகளின் வழிவந்த அமெரிக்கப் போதகர்கள் பலர் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் எப்படி வாதிட்டனர்? வேதம் தடுக்கிறது, ஆகவே மாற முடிந்தே ஆகவேண்டும், மாறாதவர் மாற விரும்பாதவர். அருளின் பெயரால் பேசப்பட்டாலும் இதன் உள்ளே ஒலித்தது பெலேஜியஸின் குரல்.

கத்தோலிக்கத் திருச்சபை வேறு வழியில் சென்றது. ஈர்ப்பு வேறு, செயல் வேறு. ஈர்ப்பு பாவமன்று, செயலே பாவம் என்பது அதன் போதனை. 1992-இல் வெளியான அதன் மறைக்கல்வி நூல், இவர்கள் தம் நிலையைத் தேர்ந்துகொள்வதில்லை என்று வெளிப்படையாகவே கூறியது. 1997-இல் வந்த திருத்திய பதிப்பில் அந்த வாக்கியம் இல்லை; அந்த ஈர்ப்பு ஒழுங்கு தவறியது என்னும் கருத்து அவ்விடத்தில் நின்றது. எனினும், இவர்களை மரியாதையுடனும் பரிவுடனும் ஏற்கவேண்டும், அநீதியாக ஒதுக்கலாகாது என்ற அறிவுரையும், இதன் உளவியல் தோற்றம் பெரிதும் விளங்காததாகவே உள்ளது என்ற ஒப்புதலும் அப்படியே இருந்தன.

அப்படியானால் இவர்கள் செய்யவேண்டியது என்ன? வாழ்நாள் முழுதும் பிரம்மசரியம் என்பது திருச்சபையின் விடை. துறவின் பெருமையை உணர்ந்தவர்கள் இந்த விடையை எளிதில் ஏளனம் செய்ய மாட்டார்கள். தம் ஈர்ப்பை மறைக்காமலே, பிரம்மசரியத்தை விரும்பி ஏற்று வாழும் கிறிஸ்தவர்கள் உண்டு. அமெரிக்க விவிலிய அறிஞர் வெஸ்லி ஹில் அவர்களுள் ஒருவர். அந்த வாழ்வின் தனிமையையும் அதில் நட்பு தரும் ஆறுதலையும் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அது மதிக்கத்தக்க தவம். ஆனால் தவம் ஏற்கப்படுவது, விதிக்கப்படுவது அன்று. நைஷ்டிக பிரம்மசரியத்தை எல்லோருக்குமான கட்டளையாக இந்து தர்மம் வைக்கவில்லை. தகுதியும் வைராக்கியமும் உள்ளவர், குருவின் வழிகாட்டுதலில், பல்லாண்டுப் பயிற்சிக்குப் பின் ஏற்பது அது. வைராக்கியம் இல்லாத இடத்தில் அடக்குமுறை மட்டுமே மிஞ்சும். அடக்கப்பட்டது வேறு உருவில் வெளிப்படும்.

கிறிஸ்தவ வேதமும் இதையே சொல்கிறது என்பதுதான் வியப்பு. மத்தேயு நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தில் இயேசு மூவகை அண்ணகர்களைப் பற்றிப் பேசுகிறார்: பிறவியிலேயே அப்படி இருப்பவர், மனிதரால் அப்படி ஆக்கப்பட்டவர், இறையரசுக்காகத் தாமே அவ்வாறு வாழ்பவர். இந்தப் போதனையை ஏற்க வல்லவரே ஏற்கட்டும் என்ற பொருளில் அவர் முடிக்கிறார். பவுலும் மணமின்றி வாழ்வதை அவரவர் பெற்ற வரம் என்றே கருதினார். இந்த இடங்களை ஆதாரமாகக் கொண்டுதான், குருமார் அனைவர் மீதும் சுமத்தப்பட்ட பிரம்மசரியத்தை மார்ட்டின் லூதர் எதிர்த்தார். துறவியாக இருந்த அவர் 1525-இல் மணமும் புரிந்தார். குருப்பணிக்குத் தாமே முன்வந்தவர்கள்மீதே அந்த வரம் சுமத்தப்படலாகாது என்றால், அழைப்பு எதுவும் பெறாத பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன்மீது அதைச் சுமத்துவது எப்படி? லூதரின் வழிவந்த சபைகளில் சில மனம் மாறியதற்கு இக்கேள்வியும் ஒரு காரணம். அமெரிக்காவில் ஜஸ்டின் லீ 2001-இல் தொடங்கிய கிறிஸ்தவ அமைப்பு, தன்பால் உறவுக்கு இறை ஆசி உண்டு என்போரையும் பிரம்மசரியமே வழி என்போரையும் ஒரே ஐக்கியத்தில் அமர்த்தி ஜெபிக்க வைத்தது. சேம்பர்ஸ் தம் உண்மையை ஒப்புக்கொண்டதும் அந்த அமைப்பின் மாநாட்டில்தான்.

இந்தியாவில் இக்கேள்வி நெடுங்காலம் சட்டத்தின் வழியாகவே வந்தது. ஆங்கிலேயர் 1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, அவர்கள் காலத்துக் கிறிஸ்தவ ஒழுக்கக் கருத்தைத் தாங்கி வந்தது. வயது வந்தோர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. பாலீர்ப்பு இயல்பானது என்பதையும் அது ஏற்றது. 2021-இல் மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிப் பாதுகாப்புக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குப் போதிய அறிவில்லை என்று திறந்த மனத்துடன் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் மாணவரைப்போல் அமர்ந்து கேட்டறிந்தார். அதன் பின்னரே உத்தரவு எழுதினார். ஈர்ப்பை மாற்றுவதாகக் கூறும் சிகிச்சைகளை அந்த உத்தரவு தடை செய்தது. மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய சிகிச்சையை மருத்துவத் தொழில் நெறிக்கு மாறான நடத்தை என்று அறிவித்தது. பெற்றோர் சிலர் இன்றும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மருத்துவரையும் போதகரையும் மந்திரவாதியையும் தேடிச் செல்கிறார்கள்.