நூலுக்கு எல்லைக்கோடு உண்டோ?

ஒரே செயல் ஒரு நாட்டில் களவாகவும் மற்றொரு நாட்டில் குற்றமற்றதாகவும் இருத்தல் கூடுமோ? கள்ளாமையை இளமையிலேயே குழந்தைகட்குக் கற்பிக்கும் நம் இல்லத்தார் இவ்வினாவைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மான் 1955-இல் மறைந்தார். அந்நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்தபின் 70 ஆண்டுகள் பதிப்புரிமை நிலைக்கும். ஆதலின் 2025-ஆம் ஆண்டின் இறுதிவரை அவருடைய நூல்கள் அங்கே உரிமைக்குட்பட்டிருந்தன. அமெரிக்காவிலோ பழைய நூல்களுக்கு அவை வெளியான ஆண்டே கணக்கு. 1901-இல் வெளிவந்த அவருடைய ‘புடன்புரோக்ஸ்’ புதினம் அங்கே நெடுங்காலத்துக்கு முன்பே பொதுவுடைமை ஆயிற்று.

மைக்கேல் ஹார்ட் என்பார் 1971-இல் அமெரிக்காவில் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம், பழைய நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றி எவர்க்கும் இலவசமாக வழங்கி வருவது. தாமஸ் மான், அவர் தமையனார் ஹைன்ரிக் மான், ஆல்ஃபிரட் டோப்ளின் ஆகிய மூவரின் 18 நூல்களை வழங்கியது தவறென்று ஜெர்மானியப் பதிப்பகம் ஒன்று வழக்குத் தொடுத்தது. 2018-இல் ஃபிராங்ஃபர்ட் நீதிமன்றம் பதிப்பகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. உடனே அம்மின்னூலகம் ஜெர்மானியர் அனைவர்க்கும் தன் கதவை அடைத்துவிட்டது. பதினெட்டு நூல்களுக்காக ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் மறைந்தன! 2021-இல் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே கதவு திறந்தது.

இதில் திருடியவர் யார்? இரு தரப்பினரும் தத்தம் நாட்டுச் சட்டத்தை மீறவில்லை. இணையம் எல்லையறியாது, சட்டமோ எல்லையைத் தாண்டாது. எனவே சட்டங்களை ஒன்றுபடுத்துக என்கின்றனர் அறிஞர். நன்றே. ஆயின் எத்திசையில் ஒன்றுபடுத்துவது?

1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கை, பின்னாளில் திருத்தப்பெற்று, ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டுகளைக் குறைந்த அளவாக வைத்தது. 1993-இல் ஐரோப்பிய நாடுகள் தம் சட்டங்களை ஒன்றாக்கியபோது, நீண்ட காலம் வைத்திருந்த ஜெர்மனியின் 70 ஆண்டுகளையே அனைவர்க்கும் ஆக்கின. 1998-இல் அமெரிக்காவும் 70-க்கு ஏறியது. நம் நாடும் விலக்கன்று. 1941-இல் மறைந்த தாகூரின் நூல்கள் பொதுவுடைமை ஆகும் வேளையில், 50 ஆண்டுகள் 60 ஆயின. ஏறியதுண்டு, இறங்கியதில்லை.

எழுதுவோர்க்குக் கூலி வேண்டா என்று நான் சொல்லவில்லை. ஒரு பாடநூலின் சில பக்கங்களை எழுதவே நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் பேரன்மார் நூல் எழுதியவர் அல்லரே!

உரிமை பெற்றோர் பக்கம் நாடுகள் இவ்வாறு இசைந்தன. கற்போர்க்குரிய விலக்குகளை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டன. பார்வையற்றோர் இதனால் பெரிதும் துன்புற்றனர். ஸ்பெயினில் அவர்களுக்கென ஆக்கிய நூலை, அதே மொழி பேசும் தென்னமெரிக்க நாட்டுக்கு அனுப்பச் சட்டம் வழிவிடவில்லை. அவரவர் நாட்டில் அதே நூலை மீண்டும் முதலிலிருந்து ஆக்க வேண்டியிருந்தது. 2013-இல் மராகேஷ் நகரில் நிறைவேறிய உடன்படிக்கை இதனை மாற்றியது. உரிமையாளர் இசைவின்றியே பார்வையற்றோர்க்கு நூல்களை ஆக்கவும், நாடுவிட்டு நாடு அனுப்பவும் அது வழிசெய்தது. 2014-இல் முதன்முதலாக அதனை ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. படிப்போர் பக்கம் நின்று உலகம் இசைந்த அரிய நிகழ்ச்சி இது.

1980-களில் என்னிடம் ஆசிரியப் பயிற்சி பெற்ற பார்வையற்ற மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்கிறேன். விடுதித் தோழியர் கல்வி உளவியல் நூலை வாய்விட்டுப் படிப்பர். அவள் தடித்த தாளில் எழுத்தாணியால் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொள்வாள். நூல் முடிய ஓராண்டு ஆயிற்று. பயிற்சி முடிந்து செல்லுங்கால் அத்தாள்கட்டை அடுத்து வந்த மற்றொரு பார்வையற்ற மாணவிக்குத் தந்து சென்றாள். படியெடுக்க எவரிடமாவது இசைவு பெற்றாயா என்று அவளை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.