யாழை உடைக்காத நெறி

தமிழ் கற்பித்து ஓய்வுபெற்று, கடைசிவரை கலைகளை நேசித்து மறைந்த ஓர் ஆசிரியரை எப்படி நினைவுகூர்வது? இதுவே இன்றைய சிந்தனை. ஈழத்திலிருந்து கனடாவுக்கு வந்து மிசிசாகாவிலும் தொரன்ரோப் பெருநகரெங்கும் வாழ்ந்த, வாழ்கின்ற அத்தகைய ஆசிரியர்கள் பலர். ஒருவர் சிவபதம் அடைந்தால் அந்தியேட்டிக் கிரியையை முறைப்படி செய்கிறோம். கல்வெட்டு என்னும் நினைவு நூலை அச்சிட்டு வழங்குகிறோம். அதில் அவருடைய சமயப் பற்றை ஒரு பக்கத்திலும், இசை, நாடக ஆர்வத்தை இன்னொரு பக்கத்திலும் எழுதுகிறோம். அப்படிப் பிரிப்பது பொருந்தாது. மொழியைக் கற்பிப்பதும் கலையைப் பேணுவதும் சைவ நெறியில் வழிபாட்டின் அங்கங்கள். இதற்குச் சுவாமி விபுலாநந்தரின் வாழ்வே தக்க சான்று.

காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனம், விஞ்ஞானம் பயின்ற ஆசிரியர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர். 1924இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டு விபுலாநந்தர் ஆனார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். வீட்டையும் உறவையும் துறந்த அவர், வழக்கொழிந்துபோன யாழ் என்னும் இசைக்கருவியைத் தேடிப் பல ஆண்டுகள் உழைத்தார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் 25 அடிகளுக்குப் பொருள் காண முயன்ற அந்த உழைப்பே 'யாழ் நூல்' ஆயிற்று. நரம்புகளின் சுருதி அளவுகளை அதில் கணிதத்தால் நிறுவினார். அந்த நூலில் 'தேவாரவியல்' என்று ஓர் இயலே உண்டு. அவர் தேடிய யாழ் கடைசியில் தேவாரப் பண்ணிடம் வந்து சேர்ந்தது. நூல் அரங்கேறிய இடமும் ஒரு சிவாலயம். 1947 ஜூன் மாதம், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது நடந்தது. ஆறு வாரங்களில், ஜூலை 19ஆம் நாள், சுவாமிகள் மறைந்தார். ஒரு துறவியின் கடைசிப் பெரும்பணி இசை நூலாக இருந்ததைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

இங்கே ஒரு தடை எழும். கலை புலன்களைக் கவர்வது. புலன்வழிப் பற்றை அறுக்கச் சொல்வது சமயம். அப்படியிருக்க இரண்டும் எப்படி ஒன்றாகும்? தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல இது. இதற்கான விடை சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இருக்கிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைத் திருவாலவாயில் இறைவன் திருமுன் யாழ் மீட்டியபோது, தரையின் குளிர்ச்சி தாக்கி நரம்பின் கட்டுத் தளரும், பலகை இடுங்கள் என்று அசரீரி எழுந்தது, பொற்பலகை இட்டார்கள். வாசிப்பவரின் பக்தியோடு கருவியின் நலத்தையும் இறைவன் கருதினான் என்று சேக்கிழார் காட்டுகிறார். பின்பு திருத்தருமபுரத்தில், தேவாரம் பாடிய திருஞானசம்பந்தரின் ஒரு பதிகம் யாழில் அடங்காமற்போக, மனம் நொந்த பாணர் யாழை உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்தார், சிவனருள் முழுவதும் இந்தக் கருவிக்குள் அடங்குமோ, இயன்ற அளவில் வாசியுங்கள் என்ற கருத்தில் யாழைத் திருப்பித் தந்தார். தடைக்கு இதுவே விடை. பரம்பொருள் கலைக்கு அப்பாற்பட்டது; அதனை நம் சமயம் மறுத்ததே இல்லை. அதற்காகக் கருவியை உடைக்கச் சொல்லவும் இல்லை. தன் எல்லையை அறிந்த கலை அகந்தையைக் கரைக்கிறது. புகழுக்காகச் செய்யும் கலை பற்றாகலாம். அந்தக் குற்றம் புகழ் வேட்கையினுடையது. புகழுக்காகச் செய்யும் தானத்துக்கும் அது பொருந்தும்.

இன்னொரு தடையும் உண்டு. இறைவனுக்கு எல்லா மொழியும் விளங்கும். கனடாவில் பிறந்த பிள்ளை ஆங்கிலத்தில் தொழுதால் என்ன குறை? இறைவனுக்கு ஒரு குறையும் இல்லை. எந்த மொழியில் அழைத்தாலும் அவன் கேட்பான். விபுலாநந்தரும் ஆங்கிலத்தைப் பகைத்தவர் அல்லர். 'பிரபுத்த பாரத' என்ற ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தார். 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு விளக்கினார். தேவாரத்தின் கருத்தையும் மொழிபெயர்க்கலாம். ஆனால் பண்ணும் சொல்லும் பிணைந்து நிற்கும் அந்தக் கட்டு மொழிபெயர்ப்பில் வராது. பதிகத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கும் பிள்ளைக்கு லகர, ளகர, ழகரம் மூன்றும் ஒன்றாகிவிடும். குறிலும் நெடிலும் மயங்கும். நெடில் குறுகினால் தாளம் சறுக்கும், தாளம் சறுக்கினால் பண் தங்காது. அங்கேதான் மொழியாசிரியர் தேவைப்படுகிறார். 'ழ'வை உச்சரிக்க நாக்கை மடிக்கக் கற்றுக்கொடுத்தவர், ஓதுவாருக்கு முன்னே நிற்கும் குரு.

ஆகவே, இத்தகைய ஆசிரியரின் ஆண்டுத் திவசத்தில் படத்துக்கு மாலையிடுவதும் அன்னதானம் செய்வதும் நல்லவைதான். ஆனால் அவை அவருடைய பணியைத் தொடரச் செய்யா. அவர் விட்டுச்சென்ற நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி வையுங்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாடம் முடிந்ததும் ஒரு பதிகத்தைப் பண்ணோடு சொல்லிக்கொடுங்கள். அடுத்த திவசத்தன்று அந்தப் பதிகத்தைப் பேரப்பிள்ளைகளே ஓதட்டும். இயன்ற அளவு ஓதினால் போதும். பாணரிடம் சம்பந்தர் கேட்டதும் அவ்வளவே.