காவல் ஓய்ந்த பின்

கல்முனை, மருதமுனை, நற்பிட்டிமுனைப் பகுதிகளின் முஸ்லிம் வீடுகளில் நாய்க்கு இடமில்லை என்பது உண்மையாயினும், அவ்வீட்டாரின் வயல்களிலே நாய் இல்லாத வாடியைக் காண்பது அரிது. கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டிச் சவளக்கடைக்குள் நுழைந்ததும் விரியும் வேளாண்மைக் கண்டங்களில், பன்றி புகாமலும், கட்டாக்காலி மாடு மேயாமலும் பார்ப்பதற்கும், இராக்காலத்தில் யானை வரும் அரவத்தை மனிதன் உணருமுன் உணர்ந்து குரைத்து எழுப்புவதற்கும் ஒரு நாய் நின்றே ஆகவேண்டும். மார்க்கமும் இதற்கு வழி விட்டிருக்கிறது. வேட்டைக்கும் மந்தைக்கும் விவசாயத்துக்கும் நாய் வைத்திருக்க ஹதீஸிலே அனுமதி உண்டு. ஆகவே எங்களிடையே நாயின் வாழ்வுரிமை அதன் உத்தியோகத்தோடு பிணைந்தது. உத்தியோகம் முடிந்து, கண் மங்கி, காது மந்தித்து, கொடிய நோயும் கண்டு படுத்துவிட்ட நாய் எந்த உரிமையின் பேரில் எங்கள் நிழலில் கிடக்கலாம் என்ற வினாவை என் முன் கொண்டுவந்து நிறுத்தியது செம்பன்.

செம்பன் எங்கள் வயல்வாடி நாய். பத்து வயதைத் தாண்டிய பிறகு அதன் பின்புறத்தில் இரத்தம் கசியத் தொடங்கிற்று. பிறகு பூக்கோசின் குருத்துப் போன்ற ஒரு தசைத்திரள் வெளித் தெரிந்தது. ஈ மொய்த்தது, நாற்றம் எழுந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி, இத்தகைய நாயைச் சாக்கிலே போட்டு, சந்தைக்கு அருகிலோ ஆற்றங்கரையிலோ இறக்கிவிட்டு, திரும்பிப் பாராமல் வந்துவிடுவார்கள். கொல்வது பாவம் என்று அஞ்சுகிற அதே மனிதர் இதைக் கூசாமல் செய்வார். பசியும் வாகனமும் முடித்துவைக்கும் காரியத்துக்குத் தாம் உத்தரவாதியல்ல என்பது அவர் எண்ணம்.

எங்கள் ஊரார் ‘மாட்டு டொக்டர்’ என்றே அழைக்கும் கால்நடை வைத்தியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்ன செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. அது புற்றுநோய்தான், ஆனால் தொற்றிப் பரவும் புற்றுநோய். தெருவில் திரியும் நாய்களிடையே இணைசேர்க்கையின்போது கிருமியோ வேறு பொருளோ அன்றி, புற்றுநோயின் உயிரணுவே ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குக் குடிபெயர்ந்து அங்கே வேர்விட்டு வளர்கிறது. நோவின்ஸ்கி என்ற ருஷ்ய மிருக வைத்தியர் 1876ஆம் ஆண்டளவில் இக்கட்டியின் துண்டை ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு ஒட்டி வளரச் செய்து காட்டினார். கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் அதன் மரபணுக்களைப் படித்து, இன்று உலகெங்கும் நாய்களைப் பீடிக்கும் இந்நோய் யாவும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரேயொரு நாயின் உடலில் தோன்றியது என்று கண்டிருக்கிறார்கள். அந்த ஆதி நாய் மண்ணாகி எத்தனையோ யுகம் ஆயிற்று; அதன் உயிரணு மாத்திரம் நாய் நாயாகத் தாவி, எவ்விதமோ சவளக்கடை வயல்வாடி வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இதற்கு மருந்து உண்டு என்பதுதான் அடுத்த வியப்பு. எங்கள் கடற்கரை மணலில் யாரும் நடாமலே முளைத்து, இளஞ்சிவப்பாயும் வெண்மையாயும் ஓயாது பூத்துக் கிடக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து, நித்தியகல்யாணி என்றும் சொல்வார்களே அதிலிருந்து, பிரித்தெடுக்கும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து அது. ஜமெய்க்காவில் நீரிழிவுக்கு இவ்விலையை அவித்துக் குடிப்பார்கள் என்று கேள்விப்பட்டுக் கனடாவில் றொபர்ட் நோபிள் என்பவர் அதன் சாரத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீனி குறையவில்லை, எலிகளின் வெண்குருதியணுக்கள் குறைந்து, அவை தொற்று நோயால் மாண்டன. பெருகுகிற அணுக்களை அடக்கும் ஒரு பொருள் இதிலே இருக்கிறது என்று ஊகித்து, சார்ல்ஸ் பீர் என்ற சகாவோடு சேர்ந்து 1958இல் அவர் முதல் மருந்தை வெளியிட்டார். அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றுக் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் பெரும் மாற்றத்தை உண்டாக்கிற்று. குழந்தைகளைக் காத்த அதே மருந்து, வாரம் ஒருமுறை நரம்பில் ஏற்றப்பட்டால், பெரும்பாலான நாய்களின் இக்கட்டியைச் சில வாரங்களிலேயே கரைத்துவிடுகிறது. துளி மருந்து நரம்புக்கு வெளியே சிந்தினாலும் தசை வெந்து அழுகும் என்றும், இரத்தத்தைச் சோதித்துச் சோதித்தே ஏற்றவேண்டும் என்றும், முதிய உடம்பாதலால் கூடுதல் காலம் பிடிக்கலாம் என்றும் வைத்தியர் சொன்னார்.

செம்பனுக்கு ஊசி போடத் தொடங்கினோம். மாரிகாலம் அது. கிட்டங்கியில் வெள்ளம் ஏறித் தாம்போதி மூடுண்ட வாரத்தில் ஊசி தவறிப்போயிற்று. மற்ற வாரங்களில், எங்கள் வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரர் நாயின் வாயைத் துணியால் கட்டி, தலையைத் தம் தொடையிலே அழுத்திப் பிடித்துக்கொள்வார். வீட்டில் உம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. “மனிசனுக்கே மருந்தில்லாம ஆஸ்பத்திரில தவிச்ச நாடு மகன் இது. நாய்க்கு ஊசியா?” என்றார். 2022ஆம் ஆண்டில் மருந்துக்கு நாடே அலைந்ததை மறவாத ஒருவரின் வார்த்தையை இரக்கமின்மை என்று தள்ளிவிட நான் துணியவில்லை. அது நியாயமான ஆட்சேபணை. விடை தேடத்தான் வேண்டும்.

அயலாரின் ஆட்சேபணை வேறு வகையானது. நாய் நஜீஸ், அதாவது அசுத்தம், அதன் ஈரம் பட்ட இடத்தை ஏழு தடவை, அவற்றில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவவேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்டம். எங்கள் மௌலவியும் அதையே எடுத்துச் சொன்னார். இதிலே எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வைத்தியரும் ஏறக்குறைய இதையே சொன்னார் என்பதுதான் விசேஷம். ஊசி போட்ட சில நாட்களுக்கு மருந்தின் எச்சம் மூத்திரத்திலும் மலத்திலும் வெளியேறும். கையுறை இன்றித் தொடாதீர்கள், கர்ப்பிணிகளை அண்டவிடாதீர்கள், பிறகு நன்றாகக் கழுவுங்கள் என்றார். மௌலவியின் காரணம் ஒன்று, வைத்தியரின் காரணம் மற்றொன்று. என் கைகள் செய்த காரியமோ ஒன்றே. தொட்ட பின் என்ன செய்வது என்று இருவரும் விரிவாகச் சொன்னார்களேயன்றி, அந்தப் பிராணியைக் கைவிடும்படி இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. கழுவும் சட்டத்தைக் கைவிடும் சட்டமாக மாற்றிக்கொண்டது எங்கள் சோம்பல் என்றே கருதுகிறேன்.

தாகத்தால் நாவைத் தொங்கவிட்டு நின்ற நாய்க்குக் கிணற்றிலிறங்கி நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட வரலாறு எங்கள் பள்ளிவாசல் பயான்களில் அடிக்கடி வரும், அழகிய வரலாறு. எனினும் இரக்கம் என்பது இரங்குகிறவனின் மனநிலையைப் பொறுத்தது. இன்று சுரக்கும், நாற்றம் எழுந்ததும் வற்றிவிடும். எனக்குத் துணை நின்றது இதனினும் வறண்ட ஒரு சட்ட வாசகம். ஹிஜ்ரி 660இல், அதாவது 1262இல், கெய்ரோவில் காலமான இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் என்ற ஷாபிஈ சட்ட மேதை, பிராணிகள் மனிதன்மீது கொண்டுள்ள உரிமைகளை வரிசைப்படுத்துமிடத்து, அவை மூப்பாலோ நோயாலோ இனி எவ்விதப் பிரயோசனமும் தரமாட்டா என்ற நிலையை அடைந்தாலும் அவற்றின் தகுதிக்கேற்ற ஜீவனச் செலவை உடையவன் கொடுக்கவேண்டும் என்று விதிக்கிறார். எழுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அவ்வாசகத்திலே கண்ணீரும் இல்லை, புண்ணியக் கணக்கும் இல்லை. உரிமையும் அதை நிறைவேற்றவேண்டிய கடமையுமே இருக்கின்றன. உழைப்பு நின்ற நாளோடு சம்பளம் நிற்கலாம், சோறு நிற்கலாகாது என்று அதற்கு நான் பொருள் கொண்டேன்.

முல்லைக்காரர் பாண்டிருப்புக்காரர். திரௌபதை அம்மன் கோயிலின் பதினெட்டு நாள் திருவிழாவிலே பாரதம் கேட்டு வளர்ந்தவர். தன்னோடு கூடவே நடந்து வந்த நாயைப் புறத்தே விட்டுச் சுவர்க்கம் புகமாட்டேன் என்று தருமர் மறுத்த கதையை ஊசி போடும் இடைவெளிகளில் அவர்தான் எனக்குச் சொல்வார். முடிவில் அந்த நாய் தருமதேவதையாய் உருமாறுவது எனக்குச் சற்று ஏமாற்றமே. நாய் கடைசிவரை நாயாகவே இருந்து, தருமரும் அதை அறிந்தே வாசலில் நின்றிருந்தால் அந்தத் தீர்மானம் இன்னும் கனமுடையதாய் இருந்திருக்குமே என்று நான் சொல்ல, “அது கதையைக் கெடுத்துப்போடும் ஹாஜியார்” என்று அவர் சிரித்துவிட்டார்.

உம்மாவின் கேள்வி இன்னும் மிஞ்சியிருக்கிறது. சோறும் நீரும் நிழலும் கடன் என்றால், சிகிச்சையும் கடனா? மனிதன் தன் நோய்க்கு மருந்து செய்வதையே எங்கள் இமாம்கள் விரும்பத்தக்கது என்றார்களேயன்றிக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே ஊசியைக் கடன் என்று வாதிக்க எனக்குத் துணிவில்லை. நாளைய சுகத்தை எண்ணி இன்றைய ஊசியைப் பொறுப்பது மனிதனுக்குச் சாத்தியம். நாய்க்கோ, தன் வாயைக் கட்டித் தன்னை நேசிப்பவர்களே குத்துவது எதற்காக என்பது விளங்காது. அதனிடம் உள்ளது இன்றைய பொழுது ஒன்றே. அந்தப் பொழுதை நாம் நோவால் நிரப்புவோமாயின், பின்னால் வரும் நோவற்ற பொழுதுகள் அதை ஈடுசெய்யுமா என்பதை நேர்மையாகக் கணக்கிட வேண்டும். செம்பனின் நோயில் இக்கணக்கு எளிது: சில வாரக் குத்தல், பெரும்பாலும் நிச்சயமான விமோசனம். சிறுநீரகம் கெட்ட நாயாயிருந்தால், வாரக்கணக்கில் சேலைன் ஏற்றி அதன் மூச்சைப் பிடித்துவைத்திருக்க நான் உடன்பட்டிருக்க மாட்டேன். அத்தகைய சிகிச்சை பலவேளைகளில் நாயின் நோயைவிட நம்முடைய பயத்துக்கே மருந்தாகிவிடுகிறது. ஊசிக்குப் பிறகு சோற்றை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்ட நாட்களில், அடுத்த வாரம் வேண்டுமா என்று நாங்கள் இருவரும் வாடித் திண்ணையிலிருந்து விவாதித்ததுண்டு. உண்ணத் தொடங்கினால் தொடர்வது, இரண்டு நாள் உண்ணாவிட்டால் நிறுத்துவது என்று முல்லைக்காரர் வகுத்த விதியைவிட மேலான ஒன்று எனக்குத் தோன்றவில்லை. உண்டது, தொடர்ந்தோம், கட்டி கரைந்தது. மூப்பு கரையவில்லை. இப்போது பன்றி வந்தாலும் அது எழும்புவதில்லை. காவலுக்கு வேறொரு இளம் நாய் வந்திருக்கிறது.

பெரும்போக வெள்ளாமை வெட்டிக் களவெட்டியில் கணக்குப் பார்த்தபோது, வயலின் பாதிப் பங்காளியான என் மச்சான், உரத்துக்கும் உழவுக்கும் கீழே ஊசிச் செலவையும் எழுதி, எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சியதற்கு ஸகாத் கொடுப்போமா என்று மௌலவியைக் கேட்டார். விளைச்சலில் பத்தில் ஒன்றா இருபதில் ஒன்றா என்பது நீர் வந்த வகையைப் பொறுத்தது, செலவைக் கழிக்க ஷாபிஈ மத்ஹபில் இடமில்லை என்று சொன்ன மௌலவி, நாயின் செலவு நாயை வைத்திருப்பவர்களைச் சேர்ந்தது என்றும் சேர்த்துக்கொண்டார். வைத்திருப்பவர்கள் யார் என்பதில்தான் இன்னும் தகராறு. அரிசியும் மீன்தலையும் இரண்டு பேருக்கும் பொது, ஊசி மட்டும் உங்கட ஆசைக்குப் போட்டது, அதை உங்கட பக்கம் எழுதுங்க என்கிறார் மச்சான். அவர் சொல்வதில் நியாயம் உண்டு, எழுதிக்கொண்டேன். புதிய நாய்க்கு விசர்த் தடுப்பூசி போடும் செலவு எந்தப் பக்கம் என்பதை அடுத்த போகத்துக்குள் தீர்த்தாக வேண்டும்.