கொசுக்கடியும் பொறுமையும்

துறவியர் வெல்ல வேண்டிய இருபத்திரண்டு பரீஷஹங்களைத் தத்துவார்த்த சூத்திரம் வரிசைப்படுத்துகிறது. பசி, நீர்வேட்கை, குளிர், வெப்பம் ஆகியவற்றை அடுத்து ஐந்தாவதாக நிற்பது ஈ, கொசு முதலியவற்றின் கடி. இத்துணைச் சிறிய துன்பத்தைப் பசியோடு ஒருங்கு வைத்தது ஏன்? அலாஸ்காவிலும் வட கனடாவிலும் வாழும் காரிபூ மான்களின் வாழ்க்கை இவ்வினாவிற்கு விடை பகர்கிறது.

அங்குக் கோடை குறுகியது. பனி உருகித் தேங்கிய நீரில் கொசுக்கள் பெருந்திரளாகத் தோன்றுகின்றன. குளிர்காற்று வீசும் நாளில் அவை பறப்பது அரிது. மான்கள் பரந்து மேய்கின்றன. காற்று ஓய்ந்து வெப்பம் ஏறினாலோ, மேய்ச்சலை விட்டு நெருங்கித் திரள்கின்றன. கடற்கரைக்கும் மலைமுகட்டிற்கும் உருகாது எஞ்சிய பனித்திட்டுகளுக்கும் விரைகின்றன. மற்றொரு வகை ஈ மானின் மயிரில் முட்டையிடும். அதன் புழுக்கள் தோலைத் துளைத்து உட்புகுந்து, முதுகுத்தோலின் கீழ்க் குளிர்காலம் முழுவதும் வளரும். அவ்வீக்கு அஞ்சித் தலைதாழ்த்தி அசையாது நிற்கும் மான், திடீரென வெறிகொண்டு ஓடும். மேய்ச்சல் இழந்து மெலிந்த பெண்மான் கருவுறும் வாய்ப்பும் குறைகிறது. இவ்வாறு கடியே பசியாகிறது.

எனின், கொசு குற்றவாளியோ? குருதியை நாடுவது பெண்கொசுவே; அதுவும் தன் முட்டைகளின் பொருட்டே. மனமற்ற அந்நாலறிவுயிருக்குத் தீய எண்ணம் ஏது?

மானும் பொறுக்கிறது, முனிவரும் பொறுக்கிறார். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மானுக்கு வேறு வழியில்லை. வேண்டாது நுகரும் துன்பத்தால் நிகழ்வது அகாம நிர்ஜரை. விலக்கும் வலிமை இருந்தும் கை ஓங்காது, சமநிலை குலையாது ஏற்பதே பரீஷஹ ஜயம். துன்பத்தின் அளவைக் கொண்டன்று, அதனை ஏற்கும் உள்ளத்தைக் கொண்டே தவம் அளக்கப்படுகிறது.

இல்லறத்தாராகிய நாம் முனிவர் நிலையை எட்டியவரல்லேம். குழந்தையை நோயினின்று காப்பது நம் கடமை. ஆனால் காத்தல் வேறு, கொல்லுதல் வேறு. காற்றுள்ள இடம் நாடும் மானைப் போல் நாமும் முதலில் விலகும் வழியைத் தேடலாம். நீர் தேங்கவிடாதிருந்தால் கொல்ல வேண்டிய உயிரே தோன்றாது. சாளரத்திற்குக் கம்பிவலையும் படுக்கைக்குக் கொசுவலையும் எவ்வுயிரையும் வருத்துவதில்லை. மின்மட்டையை வீசி, பொறி தெறிக்கும் ஒலி கேட்டு மகிழ்வதோ சங்கற்ப ஹிம்சையே. சிறுவர் கையில் அதை விளையாட்டுப் பொருளாகக் கொடுத்தல் தகாது.

இவற்றையும் மீறி நோய் பரவுங்கால் மருந்து தெளிக்க நேரின், பகையின்றியும் அளவோடும் செய்வோம், செய்ததற்கு வருந்துவோம். தவிர்க்க இயலாமையை அறமென்று மட்டும் பெயரிட வேண்டா.